புகை மேசை

எரியட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றிய வேகத்தில் குழல்வாய்மொழி தன் வாயைப் பொத்திக்கொண்டாள், உரக்கச் சொல்லிவிட்டவளைப் போல. அறையில் வேறு யாரும் இல்லை. ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எதிரே திரையில் தெற்குச் சீமையின் படம். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு செயற்கைக்கோள் கால் மணிக்கு ஒரு தரம் எடுத்து அனுப்புகிற படம். மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஏணிப்பொத்தை என்று ஊர்க்காரர்கள் சொல்கிற மலையில், ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது. அது சூடு. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓர் இழை கிழக்கே நீண்டு போயிற்று. அது புகை. காலையில் தெரிந்தது, உச்சிவெயிலில் காணாமல் போயிற்று, இப்போது வெயில் சாயச் சாய மறுபடியும் தலை காட்டுகிறது. சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது புகை கண்ணுக்குத் தப்பிவிடும். அதை நம்பி, தீ அணைந்தது என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இந்தச் சென்னை வானிலை ஆபீசில் உண்டு. வெளிச்சம் நேராக விழுந்தால் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகத்தான் தெரியும், அவள் பிறந்த வீடு தெரிந்ததைப் போல. கோலம், குத்துவிளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அந்த வீட்டிலிருந்து அரிவாளோடு புறப்பட்டுப் போனவன்தான் இப்போது அந்தச் சிவப்புக் கட்டத்துக்கு மேலே, மலை முதுகில், நின்றுகொண்டிருக்கிறான். அவளுடைய அண்ணன் இசக்கிராஜா. கூட அவனை நம்பி ஏறிய தீக்காவலர்கள். காலையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசிய பையன்தான் சொன்னான், ராஜாண்ணாச்சி டீம் மேல போயிருக்கு மேடம், அவருக்குத் தெரியாத தடம் அந்த மலையில கிடையாது என்று. அவள் உம் கொட்டினாள். உம் கொட்டிக் கொட்டித்தான் மூன்று வருஷம் ஓடியிருக்கிறது, அண்ணன் காட்டு வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து.

பக்கத்து நாற்காலி காலி. அது தூசி மேசை. ஷகிலா, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று மத்தியானமே போய்விட்டாள், திரையை அணைக்காமல். தூசிக்குப் படம் வேறு. செம்மண் தரைக்கு மேல் செம்மண் தூசி பறந்தால் வெறும் படத்தில் எங்கே தெரியும்? அதற்கென்று வெப்பத்தைப் பிரித்துச் சாயம் ஏற்றிய படம் ஒன்று வருகிறது, அதில் தூசி மட்டும் பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருக்கும். ஷகிலாவின் திரையில் இப்போது ஒரு பஞ்சுமிட்டாய் வளைவு. மலைக்குக் கிழக்கே சமவெளியில் சித்திரை மாதத்து இடிமேகம் ஒன்று திரண்டிருக்கிறது. அதன் மழை பாதி வழியிலேயே ஆவியாகி, குளிர்ந்த காற்று மட்டும் தொப்பென்று கீழே விழுந்து நாலு பக்கமும் பாய்ந்திருக்கிறது. வற்றிக் கிடக்கிற குளங்களின் வண்டலை எல்லாம் வாரிக்கொண்டு அதில் ஒரு பங்கு மேற்கே வருகிறது. மேற்கே என்றால் மலையைப் பார்த்து. ஏணிப்பொத்தையில் இப்போது அடிப்பது கணவாய்க் காற்று, மேற்கிலிருந்து கிழக்கே, மேலிருந்து கீழே. தீயும் அந்தக் காற்றுக்கு அடங்கிக் கீழே பார்த்து மெல்ல நகர்கிறது. ஆட்கள் அதற்கு முதுகுப் பக்கம் பத்திரமாக நின்று, இடுப்புயரப் புல்லை வெட்டிச் சாய்த்துத் தீக்கோடு போடுகிறார்கள். இந்தப் பஞ்சுமிட்டாய் போய் மோதுகிற நிமிஷத்தில் காற்று திரும்பும். திரும்பினால் தீ ஏறும். சரிவில் ஏறுகிற தீயோடு ஓடி ஜெயித்த ஜீவன் கிடையாது, முயல் கூடத் தோற்கும். புகைக்குள் நிற்கிறவன் கண்ணுக்குச் சமவெளியின் தூசி தெரியாது. தீயும் தூசியும் ஒரே சமயத்தில் தெரிகிற ஆள் இந்த நிமிஷத்தில் பூமியில் அவள் ஒருத்திதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரங்கபாஷ்யம் சார் வந்தார். பிரிவின் தலைவர். கையில் வெந்நீர் பாட்டில், அல்சர்க்காரர். “என்னம்மா மொழி, புல்லட்டின் போயாச்சா?” என்றார். “போயாச்சு சார்.” “புகை எந்தப் பக்கம்?” “கிழக்கே சார். கீழ ஊர் எதுவும் இல்ல.” “நல்லது” என்றவர் ஷகிலாவின் திரையைப் பார்த்தார். “அது என்ன ரோஸ்ல?” “தூசி சார்” என்றாள். இப்போது கேட்டுவிடுவார், இது எங்கே போகிறது என்று கேட்டுவிடுவார், கேட்டால் சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும். அவர் கேட்கவில்லை. “ஷகிலா வந்ததும் போடச் சொல்லு. அவங்கவங்க கோட்டை அவங்கவங்க போட்டா போதும்” என்றார். இது அவருடைய வேதவாக்கு. புகைக்கு நீலக் கோடு, அது வனத்துறைக்குப் போகும். தூசிக்குப் பழுப்புக் கோடு, அது விமான நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்காரர்களுக்கும் போகும். இரண்டையும் ஒரே தாளில் போட்ட வழக்கம் இந்த ஆபீசில் இல்லை. ஒரு தரம் அவள் போட்டுக் காட்டியபோது, எதுக்கும்மா வீண் குழப்பம் என்று சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதவு மூடிக்கொண்டது. வெந்நீர் பாட்டில் தளும்புகிற சத்தம் வராந்தாவில் தேய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. புகை எங்கே போகிறது என்று சொல்வது அவள் வேலை, சொல்லிவிட்டாள். தூசி ஷகிலாவின் வேலை, ஷகிலா லீவு. விசாரணை வந்தாலும் அவள் மேல் ஒரு தூசி விழாது. கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள். அரிவாள் இல்லை, ரத்தம் இல்லை, பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற கூட்டம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கவேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாகவா ஒரு மனுஷனைக் கொல்ல முடியும்?

அண்ணன் அப்படிச் செய்யவில்லை. அவன் பட்டப்பகலில் வந்தான். அன்று அவளும் ஜெயபாலும் வீட்டை மீறிக் கல்யாணம் முடித்த நாலாம் நாள், தென்காசி பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ் வரும் இடத்தில் நின்றார்கள். ஜெயபால் கையில் முறுக்குப் பொட்டலம். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, அண்ணே என்று சிரித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போனான். ஜெயபால் இரண்டு கைகளையும் தூக்கித் தலையை மறைத்தான். விழுந்த வெட்டுகளைக் கைகளே வாங்கிக்கொண்டன. முறுக்கு சிதறிக் கிடந்தது, அதன் நடுவில் ஒரு விரல், அதில் மோதிரம், அவள் போட்ட மோதிரம். வலது கையில் மூன்று விரல் போயிற்று. இடது கையில் நரம்பு அறுந்து, விரல்கள் இருந்தும் மடங்காமல் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் அம்மா வந்து ஜெயபாலின் காலைக் கட்டிக்கொண்டு, என் ஒத்தைப் பிள்ளையக் காப்பாத்துங்க ஐயா என்று அழுதாள். அவள் மகள் பக்கத்தில்தான் நின்றாள், அம்மா அந்தப் பக்கம் கூடத் திரும்பவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது ஜெயபால், இருட்டா இருந்துச்சு சார், ஆளு அடையாளம் தெரியல என்றான். பகல் பதினோரு மணிக்கு இருட்டாக இருந்தது என்று சொன்ன சாட்சி உலகத்திலேயே அவன் ஒருவன்தான் இருப்பான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் அவனைக் கேட்காத வருஷம் இல்லை. போகட்டும் மொழி என்பான். உனக்குப் போகட்டும், எனக்கு எங்கே போகிறது? தினமும் காலையில் அவனுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிடுவது அவள். ராத்திரி கழற்றிவிடுவதும் அவள். தாம்பரத்தில் அவன் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடையில் பச்சைப் பொத்தானை மணிக்கட்டால் அமுக்குவான், அது முடியும். சட்டைப் பொத்தான் முடியாது. மேலேயிருந்து கீழே, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தரம் அவள் மனதுக்குள் அண்ணனைச் சபிப்பாள். சாமி கும்பிடுகிறவர்கள் நூற்றியெட்டு சொல்வார்களே, அந்த மாதிரி, முகத்தில் ஒன்றும் தெரியாமல். ஜெயபால் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அடுத்த படம் வந்தது. பஞ்சுமிட்டாய் மலைப் பக்கம் ஒரு பெரிய எட்டு எடுத்து வைத்திருந்தது. விரலால் அளந்தாள், போன படத்துக்கும் இதற்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், இதே வேகத்தில் வந்தால் இன்னும் இரண்டு படம், இரண்டாவது படத்தில் காற்று திரும்பியிருக்கும், அதற்குள் மேற்கே பாறை ஓடையில் இறங்கியவன் பிழைப்பான், புல்லில் நின்றவன் போவான். எப்படிப் போவான்? அவள் கண்ணை மூடவில்லை, திறந்துகொண்டே பார்த்தாள். முதலில் காற்று நிற்கும். காடு சட்டென்று அமைதியாகும், அண்ணன் வெட்டுக்கத்தியை நிறுத்தி நிமிர்வான். அப்புறம் முகத்தில் மண் அடிக்கும், கிழக்கிலிருந்து, அடிக்கக்கூடாத திசையிலிருந்து. புகை எழுந்து திரும்பி அவனைப் பார்க்கும். சத்தம், நூறு லாரி ஒரே மேட்டில் ஏறுகிற சத்தம். ஓடுவான். அவனுக்கு ஓடத் தெரியும், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். புல்லில் கால் சிக்கும், இரண்டு கைகளையும் தூக்கித் தலையை மறைப்பான், அதைத்தான், அதைத்தான் அவள் பார்க்கவேண்டும், அந்தக் கைகளில் தோல் உரிந்து கையுறை மாதிரி தொங்கவேண்டும், யாராவது காலமெல்லாம் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடவேண்டும், இல்லை, அதுகூட வேண்டாம், ஒரேயடியாகப் போகட்டும், கரிக்கட்டையாகப் போகட்டும். பற்கள் வலித்தன, எப்போதிலிருந்து கடித்துக்கொண்டிருந்தாளோ. திரையில் ஒன்றும் மாறவில்லை. அங்கே ஒரு கட்டம் என்பது ஒரு முழு ஊர் அளவு. அதற்குள் மரம், பாறை, மிளா மான், மனுஷர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நிறம். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு இதுதான் வசதி போலிருக்கிறது, அதனால்தான் சாமியும் இறங்கி வருவதே இல்லை.

ஆனால் அவளைப் படிக்க வைத்த கையும் அண்ணனுடைய கைதான். அவளைக் காலேஜில் சேர்க்கக்கூடாது, பொட்டைப்பிள்ளைக்கு பிசிக்ஸ் எதற்கு என்று சித்தப்பா சொன்னபோது, அவர் வாயில் குத்திப் பல்லை உடைத்தவன் அவன். சைக்கிள் பாரில் அவளை உட்கார வைத்து, கவுன்சிலிங் பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டு, சன்னல் வழியாகக் கசங்கிய நோட்டுகளைத் திணித்து, எவனாச்சும் ஏதாச்சும் பேசினாம்னா எங்கிட்ட சொல்லு, கையை எடுத்திருதேன் என்றான். சொன்னபடியே எடுத்தான். அவனுக்குப் பாசம் வந்தாலும் அடிதான், கோபம் வந்தாலும் அடிதான், நடுவில் இன்னொன்று அவனுக்குத் தெரியாது. அவன் படிக்க வைத்த படிப்பில்தான் அவள் இங்கே உட்கார்ந்து அவன் சாவைக் கால் மணி கால் மணியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் இளகிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. இளகாமல் இருக்க ஒரு வழி அவளிடம் எப்போதும் உண்டு. அம்மாவை நினைத்துக்கொள்வாள்.

வெட்டு நடந்த அன்று சாயங்காலமே வீட்டில் அவளுக்குத் தலை முழுகினார்கள். செத்தவளுக்குச் செய்வதைச் செய்து, அவள் பேரை இனி யாரும் உச்சரிக்கக்கூடாது என்று முடிவு. மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சு. அண்ணனுக்கு அது விரதம். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் யாரோ வாய் தவறி, குழல்வாய்மொழி இப்ப மெட்ராஸ்லயா என்று கேட்டுவிட்டார்கள். அவன் சோற்றிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனான் என்று ஊரே பேசிற்று. பிறகு அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சேதி தெரிந்து அவள் இங்கேயிருந்து ஆள் பிடித்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கி, டாக்டரிடம் பேசி, எல்லாம் செய்தாள், பேரை மட்டும் மறைத்துவிடச் சொன்னாள். அங்கிருந்த நர்ஸ் நல்ல மனசுக்காரி. உங்க தங்கச்சி குழல்வாய்மொழிதான் எல்லா ஏற்பாடும், எவ்வளவு பாசம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். குளுக்கோஸ் ஊசியைத் தானே பிடுங்கி, அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். வாசலில் ஜெயபால் நின்றான், அவள்தான் பார்த்து வா என்று அனுப்பியிருந்தாள். அம்மா அண்ணன் தோளுக்கு மேலாக ஜெயபாலைப் பார்த்துக்கொண்டே வாடகைக் காரில் ஏறினாளாம். கோவில்பட்டி தாண்டும்போது உயிர் போயிற்று. அவள் பேர்தான் அம்மாவைக் கொன்றது. அவள் பேர் காதில் விழுந்தால் அண்ணன் எது நல்லதோ அதற்கு நேர் எதிராகத்தான் போவான், சாவானே தவிர அவள் சொன்ன வழியில் ஒரு அடி வைக்கமாட்டான். இது அவளுக்கு வாய்ப்பாடு மாதிரித் தெரியும். சரி, இளகவில்லை. மனசு மறுபடியும் கெட்டியாயிற்று, காய்ந்த வண்டல் மாதிரி.

அந்த நேரம் பார்த்து அடுத்த படம். வளைவு மலையடிவாரத்துக் கிராமங்களை மூடிவிட்டது. கூட நிற்கிறவர்களை அப்போதுதான் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்பது பொய், முதலிலிருந்தே அவர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள், அவள்தான் அவர்கள் பக்கம் திரும்பாமல் இருந்தாள், அம்மா அன்று ஆஸ்பத்திரியில் திரும்பாமல் இருந்தது போல. யார் பெற்ற பிள்ளைகளோ. காலையில் கட்டிக்கொண்டு போன சோறு புல்லோரத்தில் கட்டவிழாமல் கிடக்கும். அவர்கள் எவன் விரலையும் வெட்டவில்லை. கை போனைத் தேடியது. ஆபீஸ் போன்தான், பழைய கறுப்புப் போன், சுருள் வயரோடு. எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் அதே பையன், ஐகோர்ட்துரை. பெற்றவர்கள் குலசாமி பேரை வைத்தார்கள், கேட்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள் என்று ஒரு தரம் குறைபட்டுக்கொண்டவன்.

“சொல்லுங்க மேடம்.”

“ஏணிப்பொத்தையில காத்து திரும்பப் போகுது. கிழக்கேயிருந்து தூசிக் காத்து வருது, அடிவாரத்துக்கு வந்தாச்சு. தீ மேல ஏறும். முதுகுல நிக்கிற எல்லாரையும் மேற்கே பாறை ஓடைக்கு இறங்கச் சொல்லுங்க. உடனே.”

“இங்க காத்து மேக்கேயிருந்துலா அடிக்கி மேடம்.”

“அடிக்கும். இன்னும் கொஞ்ச நேரம்தான். சொல்லுங்க துரை.”

“இந்தா சொல்லுதேன். வயர்லெஸ்ல கேப்பாவ, யாரு சொன்னாவன்னு. எப்பவும் போல சென்னை ஆபீஸ்னு சொல்லட்டா?”

எப்பவும் போல. இத்தனை வருஷமும் அந்தப் போனில் அவளுக்குப் பேர் இல்லை, சென்னை ஆபீஸ் மேடம்தான். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது நாக்கில் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

“குழல்வாய்மொழி சொன்னதாச் சொல்லுங்க” என்றாள். “பனையடிக்குளம் வேலாயுதம் மக குழல்வாய்மொழி. அப்படியே சொல்லணும். ராஜாகிட்டயே சொல்லுங்க.”

“நல்ல பேரு மேடம். நம்ம குத்தாலத்து அம்மன் பேரு” என்றான் பையன், போனை வைத்துவிட்டான்.

செய்யவேண்டியதைச் செய்தாயிற்று. எச்சரிக்கை கொடுத்தாயிற்று, யார் கேட்டாலும் சொல்லலாம், ஊரும் பேரும் தகப்பன் பேரும் சொல்லிக் கொடுத்தாயிற்று. மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். அவன் ஒருவன் நிற்பான், அவ சொல்லி நான் இறங்கணுமா என்று நிற்பான், அது அவன் இஷ்டம், அதற்கு அவள் என்ன செய்வாள்? அப்படியே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள், தேய்ந்த கல்லில் சந்தனம் அரைப்பது போல, அரைக்க அரைக்கக் கல்தான் தேய்ந்தது. மற்றவர்கள் எப்படி இறங்குவார்கள்? அவருக்குத் தெரியாத தடம் அந்த மலையில கிடையாது என்று காலையில் காதில் விழுந்ததே. புகையில் ஓடைக்கு வழி அவனுக்குத்தானே தெரியும். அவன் நின்றால் அவர்களும் நிற்பார்கள். அவன் இறங்காதே என்றால் ஒருவனும் இறங்கமாட்டான். இது தெரியாமலா பேரைச் சொன்னாய்? ராஜாகிட்டயே சொல்லுங்க என்று அழுத்திச் சொன்னது யார் வாய்? மறுபடியும் போனை எடுத்தாள். ஓயாத எங்கேஜ் சத்தம். வைத்தாள், எடுத்தாள், எங்கேஜ். பையன் வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருப்பான், அவள் பேரைக் கத்திக்கொண்டிருப்பான், அந்த மலை முழுக்க அவள் பேர் கேட்கும். எழுந்தாள், ஷகிலாவின் நாற்காலியில் இடித்துக்கொண்டாள், உட்கார்ந்தாள். அவன் அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தான், எல்லோரும் பார்க்க வந்தான். நீ போனில் சொருகி அனுப்பினாய். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், சந்தேகம் இல்லை. இசக்கியம்மா, அவன் இறங்கட்டும். அவன் இறங்கட்டும், அவன் கையைக் காலை ஒடி, வேறென்ன வேண்டுமானாலும் செய், இப்போது இறங்கட்டும். இதைச் சொல்லும்போதே உள்ளே இன்னொரு குரல், அடியில், அமைதியாக, எரியட்டும் என்றது. இரண்டும் அவள் குரல்தான்.

படம் வந்தது. ஒரு கட்டமாக இருந்த சிவப்பு ஐந்தாறு கட்டமாகி மேற்கே பாய்ந்திருந்தது. கிழக்கே போய்க்கொண்டிருந்த சாம்பல் இழை மடங்கி மலை முதுகின் மேல் மொத்தையாகப் படுத்துக்கிடந்தது. அவர்கள் நின்ற இடம் அந்தச் சிவப்புக்கு நடுவில். வானத்தில் இத்தனை பெரிய கண் வைத்திருக்கிறார்கள், ஒரு காது வைக்கத் தோன்றவில்லை யாருக்கும். அவள் திரையில் கை வைத்தாள். கண்ணாடி லேசாகச் சூடாக இருந்தது, எப்போதும் அப்படித்தான் இருக்கும், ஆனாலும் கையை உதறிக்கொண்டாள். போன் அடித்தது. அது நாலைந்து தரம் அடிக்கும்வரை எடுக்க அவளால் முடியவில்லை.

“மேடம், எல்லாரும் ஓடைக்கு இறங்கிட்டாவ” என்றான் ஐகோர்ட்துரை. அழுகிற குரலா சிரிக்கிற குரலா என்று தெரியவில்லை. “ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. முதுகு பூரா எரிஞ்சிட்டு மேடம், போட்ட தீக்கோட்டையெல்லாம் ஒரே தாவுல தாண்டிட்டு.”

“ராஜா?”

“அண்ணாச்சிதான் கடைசியா இறங்குனாவ. முதல்ல ரெண்டு பேரு மாட்டேன்னுட்டானுவ மேடம், ஏசியில உக்காந்துகிட்டு என்னத்தையாவது சொல்லுதாவன்னு. யாருல சொன்னான்னு அண்ணாச்சி கேட்டாவ. நீங்க சொன்ன மாதிரியே பேரைச் சொன்னேன். வயர்லெஸ் போயிட்டோன்னு நினைச்சேன். அப்புறம் சொல்லுதாவ, அன்னைக்கு அவ பேரைக் கேட்டு எங்கம்மையத் தூக்கிட்டுப் போயிக் கொன்னுட்டேன், இன்னைக்கும் அதைச் செய்யமாட்டேன், எறங்குங்கல எல்லாரும்னு. வெட்டுக்கத்தியக்கூட எடுக்க விடல. உங்களுக்கு அண்ணாச்சியத் தெரியுமா மேடம்?”

“தெரியும்.”

“நம்பர் கேட்டா குடுக்கட்டா?”

அவள் போனை வைத்துவிட்டாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. செவிட்டில் ஓர் அறை விழுந்த மாதிரி காது மட்டும் ங்கொய் என்றது. அப்புறம் வந்தது கோபம், அவள் அறிந்த எல்லாக் கோபத்தையும்விடப் பெரிய கோபம். எந்தத் தைரியத்தில் நீ மாறினாய்? யாரைக் கேட்டுக்கொண்டு மாறினாய்? இத்தனை வருஷமாகப் பொத்தான் பொத்தானாக நான் சபித்தது யாரை? நீ மாறாமல் இருப்பாய் என்று உன்னை நம்பித்தானே நான் பேரைச் சொன்னேன். கொல்லப் போனவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். ரங்கபாஷ்யம் சார் கதவைத் திறந்து, “அடேயப்பா, வனத்துறையிலேருந்து போன் பண்ணி நன்றி சொல்றாங்கம்மா, நல்ல காரியம் பண்ணினே” என்றார். இனிமேல் இரண்டு கோட்டையும் ஒரே தாளில் போடலாம் என்றுகூடச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் போனதும் தன் கைபேசியை எடுத்து ஜெயபாலைக் கூப்பிட்டாள். கடையில் அவன் போனை மெஷின் மேலேயே ஸ்பீக்கரில் வைத்திருப்பான். ஜெராக்ஸ் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஏணிப்பொத்தையில தீ” என்றாள். “அண்ணன் மேல நின்னான். காத்து திரும்புறதைப் பாத்து நான்தான் சொன்னேன். எல்லாரும் இறங்கிட்டாங்க. அவனும் இறங்கிட்டான்.”

மெஷின் நின்றது. “நல்லது செஞ்ச மொழி” என்றான். அந்தப் பக்கம் தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.

“யாரு சொன்னதாச் சொன்ன?” என்று கேட்டான்.

அவள் ஷகிலாவின் திரையை எட்டி அணைத்தாள்.

“மொழி. பேரைச் சொன்னியா?”

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் அவன். அந்தப் பேர் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவன். அவனிடம் எந்தப் பொய்யும் நிற்காது.

“சொன்னேன்” என்றாள்.

“அவன் இறங்குவான்னு உனக்குத் தெரியாதுல்லா?”

“தெரியாது.”

வெட்டியவனை, இருட்டாக இருந்தது என்று சொல்லித் தப்ப விட்டவன் அவன். காலைக் கட்டிக்கொண்டு அழுதவளை எழுந்து உட்காரச் சொன்னவன். போகட்டும் மொழி என்று சொல்வான் என்று அவள் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஒரு தாள், இன்னொரு தாள், இன்னொன்று.

“நீ மெதுவா வா” என்றான் ஜெயபால். “இன்னைக்குச் சட்டையை நானே கழட்டிக்கிடுதேன்.”

சரி என்றாள். அவனால் ஒரு பொத்தானைக்கூடக் கழற்ற முடியாது. திரையில் அடுத்த படம் வந்திருந்தது.